பரண் ஒழிப்பு: ஹெச்பி-யூஎக்ஸில் பழைய பேட்ச்களைக் கழித்து இடம் மீட்கும் முறை

"அக்கா, சர்வரில் வார் கோப்பு முறைமை 97 சதவீதம் நிரம்பிவிட்டது. அதற்குள் சேவ் என்று ஒரு கோப்பகம் மட்டுமே 3 ஜிபி பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் பழைய கோப்புகள்தான். அழித்துவிடட்டுமா?"

இரவு 1 மணிக்கு மேல் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் இந்தக் கேள்விதான் அதிகம். கேட்பவர்கள் தர்மபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ படிப்பை முடித்துவிட்டு பெங்களூரு வந்து, பி.டி.எம். லேஅவுட்டில் அறை எடுத்து, எலக்ட்ரானிக் சிட்டியில் இரவுப் பணிக்குச் சேர்ந்த தம்பி தங்கைகள். கல்லூரியில் லினக்ஸ் பார்த்திருக்கிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகுதான் ஹெச்பி நிறுவனத்தின் யுனிக்ஸ் இயங்குதளமான ஹெச்பி-யூஎக்ஸ் என்ற பெயரைக் கேட்கிறார்கள். சர்வர் அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுவியவர் இப்போது அங்கே இல்லை.

அந்தக் கேள்விக்கு என் பதில்: அழிக்காதீர்கள். இடத்தை மீட்கலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் கையால் அழிப்பது அந்த வழி இல்லை. தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவதைப் போலவே தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'எஸ்டபிள்யூ' என்று வந்தால் எஸ், டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகள். 'அட்ம்' என்று வந்தால் ஏ, டி, எம் என்ற மூன்று எழுத்துகள். பேட்ச்களின், அதாவது மென்பொருள் திருத்தத் தொகுப்புகளின், பெயர்கள் மட்டும் பேரெழுத்தில் வரும்.

சேவ் கோப்பகத்தில் இருப்பது என்ன?

நம் வீடுகளில் பரண் இருக்கும். ஆசாரி புதுப் பூட்டு மாட்டினால், கழற்றிய பழைய பூட்டை அம்மா தூக்கிப் போடமாட்டார். துணியில் சுற்றிப் பரணில் வைப்பார். புதுப் பூட்டு சரிவராவிட்டால் பழையதையே மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான்.

ஹெச்பி-யூஎக்ஸும் இதையே செய்கிறது. ஒரு பேட்ச் நிறுவும்போது, எந்தெந்தக் கோப்புகளை அது மாற்றுகிறதோ அவற்றின் பழைய பிரதிகளை எடுத்து வைத்துக்கொள்கிறது. வைக்கும் இடம்:

/வார்/அட்ம்/எஸ்டபிள்யூ/சேவ்

பேட்ச் ஒத்துவரவில்லை என்றால் 'எஸ்டபிள்யூரிமூவ்' கட்டளை இங்கிருந்துதான் பழைய கோப்புகளை எடுத்து அதனதன் இடத்தில் திரும்ப வைக்கும். நீங்கள் எதுவும் கேட்காமலே இந்தச் சேமிப்பு நடக்கும், அதுவே இயல்பான அமைப்பு. ஆண்டுக்கணக்கில் பேட்ச் போட்டு வந்த சர்வரில் பரண் நிரம்பித்தான் இருக்கும்.

இதற்குப் பக்கத்திலேயே 'புராடக்ட்ஸ்' என்றொரு கோப்பகம் இருக்கிறது. எந்த மென்பொருள், எந்தப் பேட்ச், எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவேடு அது. சேவ் கோப்பகத்தில் இருக்கும் பொருளுக்கும் புராடக்ட்ஸில் இருக்கும் கணக்குக்கும் எப்போதும் பொருத்தம் இருக்க வேண்டும். கையால் அழித்தால் பொருள் போய்விடும், கணக்கு மட்டும் நிற்கும். சர்வர் தன்னால் பின்வாங்க முடியும் என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

இப்படி ஆன ஒரு சர்வரை நான் பார்த்திருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இரவுப் பணியில் இருந்த ஒருவர் அவசரத்தில் சேவ் கோப்பகத்தைக் காலி செய்துவிட்டார். அன்று எதுவும் ஆகவில்லை. வார் இறங்கியது, எச்சரிக்கை நின்றது, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு நெட்வொர்க் பேட்ச் தொல்லை கொடுத்தது. அதைக் கழற்ற முயன்றபோது திரும்ப வைக்கப் பழைய கோப்பு இல்லை. காப்புப் பிரதியிலிருந்து அமைப்பு முழுவதையும் மீட்டெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. அந்த ஞாயிறு உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் பாருங்கள்

ரூட் பயனராக உள்ளே போய் நிலவரத்தைப் பாருங்கள்:

பிடிஎஃப் /வார்

லினக்ஸில் 'டிஎஃப்' செய்யும் வேலையை இங்கே 'பிடிஎஃப்' செய்கிறது (முதல் எழுத்து 'பெங்களூரு'வின் பி). கிலோபைட் கணக்கில் காட்டும். வெளியீட்டை அப்படியே நகலெடுத்து ஒரு குறிப்பில் ஒட்டி வையுங்கள், வேலை முடிந்தபின் ஒப்பிட வேண்டியிருக்கும். அடுத்து, யார் இடத்தைத் தின்பது என்று பார்க்க:

டியூ -கேஎக்ஸ் /வார் | சார்ட் -ஆர்என் | மோர்

பெரியது மேலே வரும். எக்ஸ் என்ற எழுத்தைச் சேர்த்தால் வேறு கோப்பு முறைமைகளுக்குள் போகாமல் வாருக்குள் மட்டும் எண்ணும்.

இந்தப் பட்டியலை அவசரப்படாமல் படியுங்கள். பேட்ச்களைக் கழிக்க வேண்டும் என்று முடிவோடு வந்தவர்களுக்குப் பல நேரம் குற்றவாளி வேறொருவராக இருப்பார். /வார்/அட்ம்/கிராஷ் என்ற கோப்பகத்தில், எப்போதோ சர்வர் விழுந்தபோது எடுத்த நினைவகப் பதிவு பல ஜிபிக்குக் கிடக்கலாம். அதை யாராவது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அகற்றலாம். /வார்/டிஎம்பி கோப்பகத்தில் யாரோ அவிழ்த்துப் போட்ட மென்பொருள் இருக்கலாம். உள்நுழைவுப் பதிவுகளான டபிள்யூடிஎம்பி, பிடிஎம்பி என்ற இரண்டு கோப்புகளும் கவனிப்பாரின்றி வளரும்.

பதிவுக் கோப்புகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு நிரல் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை 'ஆர்எம்' கொண்டு அழித்தால் பெயர் மறையும், இடம் திரும்பாது. அந்த நிரல் கோப்பை மூடும்வரை வட்டு அந்த இடத்தை விடாது. அழித்தும் பிடிஎஃப் அசையவில்லையே என்று விடியும்வரை தேடியவர்கள் இருக்கிறார்கள். ஓடும் பதிவுக் கோப்பென்றால் தேவையான பகுதியைப் பிரதி எடுத்துக்கொண்டு, கோப்பை உள்ளடக்கம் மட்டும் காலியாகும்படி செய்யுங்கள்:

கேட் /டெவ்/நல் > கோப்பின் பெயர்

மறந்துபோன கிடங்கு

/வார்/ஸ்பூல்/எஸ்டபிள்யூ என்ற இடத்தைத் தனியாகப் பாருங்கள். பேட்ச்களை நிறுவுவதற்கு முன் இறக்கி வைக்கும் கிடங்கை 'டிப்போ' என்பார்கள். இடம் குறிப்பிடாமல் 'எஸ்டபிள்யூகாப்பி' செய்தால் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். நிறுவி முடித்ததும் இதைக் காலி செய்ய யாருக்கும் நினைவு வராது. சேவ் கோப்பகத்தைவிட இது பெரிதாக இருக்கும் சர்வர்களை நான் கண்டிருக்கிறேன்.

உள்ளே இருப்பதைப் பட்டியலிட:

எஸ்டபிள்யூலிஸ்ட் -டி @ /வார்/ஸ்பூல்/எஸ்டபிள்யூ

புதிய பேட்ச் வந்ததால் வேலை இல்லாமல் போன பழைய பேட்ச்களை மட்டும் கிடங்கிலிருந்து எடுக்க:

கிளீனப் -டி /வார்/ஸ்பூல்/எஸ்டபிள்யூ

இதில் ஆபத்து குறைவு. கிடங்கில் இருப்பது நிறுவப்படாத மூலப்பொருள்தான், ஓடும் சர்வரை அது தொடுவதில்லை. அதனால் சேவ் பக்கம் போகுமுன் இங்கே தொடங்குங்கள்.

ஆனாலும் ஒரு பிரதியை வேறு சர்வரிலோ நாடாவிலோ வைத்துவிட்டுச் செய்யுங்கள். 2007-இல் வந்த 11ஐ வி3 தான் ஹெச்பி-யூஎக்ஸின் கடைசிப் பதிப்பு. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. நாளைக்கு வேண்டுமென்றால் இறக்கிக்கொள்ளலாம் என்று முன்பு இருந்த தைரியம் இனி வேண்டாம்.

பேட்ச்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது

நிறுவியிருக்கும் பேட்ச்களைப் பார்க்க:

எஸ்டபிள்யூலிஸ்ட் -எல் பேட்ச்

பெயர்களின் முதல் நான்கு எழுத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பிஎச்கேஎல் என்றால் கெர்னல், பிஎச்என்இ என்றால் நெட்வொர்க், பிஎச்சிஓ என்றால் பொதுக் கட்டளைகள், பிஎச்எஸ்எஸ் என்றால் மற்றத் துணை அமைப்புகள். அதன்பின் அடிக்கோடு, அதன்பின் எண்.

ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு நிலை உண்டு. அப்ளைடு என்றால் நிறுவப்பட்டு வேலை செய்கிறது, கழற்றவும் முடியும். கமிட்டடு என்றால் நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. பரணில் அதற்கான பழைய பொருள் இல்லை, கழற்ற முடியாது. சூப்பர்சீடட் என்றால் பின்னால் வந்த பேட்ச் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. இந்த மூன்றாவது வகையை நான் 'இடம் பறிகொடுத்த பேட்ச்' என்று சொல்வேன். நாம் கைவைக்கப்போவது இந்த வகையில்தான்.

இடம் பறிகொடுத்தும் அது ஏன் பரணில் இடம் பிடிக்கிறது? மூன்று பேட்ச்களை எடுத்துக்கொள்வோம்: முதலாவது, அதன் இடத்தை எடுத்த இரண்டாவது, அதன் இடத்தையும் எடுத்த மூன்றாவது. ஓடிக்கொண்டிருப்பது மூன்றாவது. அதைக் கழற்றினால் இரண்டாவது உயிர்பெறும். அதையும் கழற்றினால் முதலாவது. அதையும் கழற்றினால் பேட்ச் ஏதும் போடாத ஆதிநிலை. இந்த ஒவ்வொரு படிக்கும் வேண்டிய கோப்புகள் பரணில் இருக்கின்றன. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆதிநிலைக்கு யார் திரும்பப் போகிறார்கள்? யாரும் போகமாட்டார்கள். அந்தக் கீழ்ப் படிகளைத்தான் நாம் எடுத்துவிடுகிறோம்.

கிளீனப் கட்டளை

இந்த வேலைக்கென்றே ஹெச்பி-யூஎக்ஸில் இருப்பது 'கிளீனப்'. சொல்லும் எண்ணிக்கையளவோ அதற்கு மேலோ இடம் பறிகொடுத்த பேட்ச்களைத் தேடி எடுத்து, அவற்றை நிலைநிறுத்தி, பரணில் அவற்றுக்கான பழைய கோப்புகளை நீக்கும். பதிவேட்டையும் அதுவே திருத்திவிடும். பொருளும் கணக்கும் பொருந்தியே இருக்கும்.

தொடுவதற்கு முன் இரண்டு ஏற்பாடுகள். ஹெச்பி-யூஎக்ஸின் மீட்புக் கருவியான இக்னைட் வழியாக அமைப்பின் மீட்புப் பிரதி ஒன்று அண்மையில் எடுத்திருக்க வேண்டும். எடுத்ததாகப் பட்டியலில் இருப்பது போதாது, அந்தப் பணி பிழையின்றி முடிந்ததா என்று அதன் பதிவைத் திறந்து பாருங்கள். உதிரி வட்டு இருந்தால் டிஆர்டி என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு ரூட் வட்டை நகலெடுத்து வைப்பது இன்னும் நல்லது. இரண்டாவது, மாற்றத்துக்கான அனுமதி. "நிறுத்தம் தேவையில்லை, ரீபூட் தேவையில்லை, ஓடும் கோப்புகள் மாறாது, ஆனால் திரும்பப் பெற முடியாத மாற்றம்" என்று அனுமதிக் குறிப்பில் எழுதுங்கள். முதல் மூன்றை மட்டும் எழுதிவிட்டு நான்காவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். படித்துக் கையெழுத்திடுகிறவருக்கு அந்த நான்காவதுதான் தெரிய வேண்டும்.

இப்போது ஒத்திகை:

கிளீனப் -பி -சி 2

பி என்ற எழுத்து ('பேட்ச்' என்பதன் முதல் எழுத்து) ஒத்திகைக்கு. என்ன செய்யும் என்று காட்டும், எதையும் செய்யாது. சி என்ற எழுத்துக்குப் பின் வரும் எண்தான் இந்தக் கட்டளையின் உயிர். 2 என்றால் இரண்டு முறையோ அதற்கு மேலோ இடம் பறிகொடுத்தவை மட்டும். மேலே சொன்ன மூன்று பேட்ச்களில் முதலாவது மட்டும் சிக்கும். அதன்பிறகும் நீங்கள் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து முதலாவதுக்கும் இறங்க முடியும். 1 என்று கொடுத்தால் முதலாவதும் இரண்டாவதும் நிலைநிறுத்தப்படும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மட்டுமே இறங்கலாம்.

நான் எப்போதும் 2 கொடுத்துத் தொடங்குவேன். இடம் போதுமான அளவு கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்வேன். 1 கொடுப்பது தவறில்லை. ஆனால் ஓடும் பேட்ச்கள் குறைந்தது ஒரு மாத முடிவுக் கணக்கையாவது பிரச்சினையின்றிக் கடந்திருக்க வேண்டும் என்பது என் விதி. வங்கிச் சர்வர்களில் கோளாறு சாதாரண செவ்வாய்க்கிழமைகளில் வருவதில்லை. மாதக் கடைசி இரவில் சுமை ஏறும்போதுதான் வெளிப்படும்.

ஒத்திகைப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். அண்மையில் நிறுவிய பெயர் ஏதாவது அதில் இருந்தால் நிறுத்தி, ஏன் என்று கண்டுபிடியுங்கள். எல்லாம் சரியென்றால்:

கிளீனப் -சி 2

பட்டியலைக் காட்டி, நிலைநிறுத்தட்டுமா என்று கேட்கும். சம்மதம் கொடுத்தபின் பொறுமையாக இருங்கள். பேட்ச்கள் நிறைந்த பழைய சர்வரில் நேரம் எடுக்கும். திரை அசையவில்லை என்று கன்ட்ரோல்-சி அழுத்தாதீர்கள். பதிவேடு திருத்தப்படும் நேரத்தில் குறுக்கிடுவதுதான் இந்த வேலையில் உள்ள ஒரே உண்மையான ஆபத்து. கேள்வி கேட்காமல் செய்ய எஃப் என்ற பேரெழுத்தைச் சேர்க்கலாம் என்று கையேட்டில் பார்ப்பீர்கள். முதல் ஆண்டில் அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

நடந்தது எல்லாம் /வார்/அட்ம்/கிளீனப்.லாக் என்ற கோப்பில் பதிவாகும். அதைப் படித்து முடித்துவிட்டு மீண்டும் பிடிஎஃப் பாருங்கள். பிறகு 'எஸ்டபிள்யூவெரிஃபை' ஓட்டி, நிறுவப்பட்டவை பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதியுங்கள்.

ஒரே ஒரு பெரிய பேட்சை மட்டும் நிலைநிறுத்த வேண்டுமென்றால் 'எஸ்டபிள்யூமாடிஃபை' கட்டளையில் பேட்ச்_கமிட் என்ற விருப்பத்தை 'ட்ரூ' என்று கொடுத்து, அந்தப் பேட்சின் பெயரைச் சேர்க்கலாம். அரிதாகத்தான் தேவைப்படும்.

இவ்வளவும் செய்தபின் வார் இன்னும் 90 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால், கழிக்க ஒன்றும் இல்லை, வீடுதான் சிறியது என்று பொருள். வால்யூம் குழுவில், அதாவது வட்டுகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பில், காலி இடம் இருந்தால் 'எல்விஎக்ஸ்டெண்ட்' கொண்டு பெரிதாக்குங்கள். ஆன்லைன்-ஜேஎஃப்எஸ் என்ற கூடுதல் மென்பொருளுக்கு உரிமம் இருந்தால் 'எஃப்எஸ்அட்ம்' கொண்டு ஓடும்போதே கோப்பு முறைமையையும் நீட்டிவிடலாம். இல்லாவிட்டால் வாரை அன்மவுண்ட் செய்ய வேண்டும், அதற்கு நிறுத்த நேரம் வாங்க வேண்டும்.

மற்ற யுனிக்ஸ்களில்

உங்கள் குழுவில் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸும் ஆரக்கிளின் சோலாரிஸும் கலந்தே இருக்கலாம். ஏஐஎக்ஸில் கருத்து அப்படியே இதுதான்: அப்ளைடு, கமிட்டடு என்ற அதே இரு நிலைகள். 'இன்ஸ்டால்பி -எஸ்' கொடுத்தால் இன்னும் நிலைநிறுத்தாதவை தெரியும். 'ஸ்மிட்டி கமிட்' என்று தட்டினால் பட்டியல் திரையே வரும், அதில் ஒத்திகைக்கும் இடமுண்டு. அங்கே இடம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் /யூஎஸ்ஆர் பக்கத்தில். கோப்பு முறைமையை ஓடும்போதே பெரிதாக்க 'சிஎச்எஃப்எஸ்' இருப்பதால் ஏஐஎக்ஸ்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

சோலாரிஸ் 10 வரை கதை வேறு. /வார்/எஸ்அட்ம்/பிகேஜி என்ற கோப்பகத்தில் ஒவ்வொரு தொகுப்புக்குள்ளும் 'சேவ்' இருக்கும், அதற்குள் 'அன்டூ' என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும். அவைதான் பின்வாங்கும் கோப்புகள். கிளீனப் போல ஒரு கட்டளை அங்கே கிடையாது. அதனால் நிறுவும்போதே யோசிக்க வேண்டும்: 'பேட்ச்ஆட்' கட்டளையில் பி என்ற பேரெழுத்தை ('பெங்களூரு'வின் பி) கொடுத்துப் பின்வாங்கும் கோப்புகளை வேறு வட்டுக்கு அனுப்பலாம். 2011-இல் வந்த சோலாரிஸ் 11-இல் இந்தப் பேட்ச் முறையே இல்லை. அங்கே 'பிஇஅட்ம் லிஸ்ட்' என்று தட்டி, தேங்கிப்போன பழைய துவக்கச் சூழல்களை (இயங்குதளத்தின் முந்தைய பிரதிகளை) பார்த்து, வேண்டாதவற்றை நீக்குங்கள்.

யாராவது ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால்

சர்வரை ஏற்றுக்கொண்டபோதே சேவ் கோப்பகம் காலியாக இருப்பதைக் காணலாம். பதட்டப்பட வேண்டாம், ஓடும் சர்வர் ஓடத்தான் செய்யும். காப்பு நாடாவில் அந்தக் கோப்பகம் இருந்தால், அழித்த நாளுக்கு முந்தைய பிரதியிலிருந்து அதே உரிமைகளோடு மீட்டு வையுங்கள். நாடாவிலும் இல்லையென்றால், இனி எந்தப் பேட்சையும் கழற்ற முயலக் கூடாது என்று சர்வர் குறிப்பேட்டில் தெளிவாக எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் எஸ்டபிள்யூரிமூவ் தட்டுவதற்கு முன் அந்த வரி அவர் கண்ணில் பட வேண்டும்.

நாள் பார்ப்பது

இந்த வேலையை வெள்ளிக்கிழமை மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மடிவாளாவில் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும், சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும் என்ற நினைப்பிலேயே கை வேகமாகத் தட்டும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரமும் வேண்டாம். உதவிக்குக் கூப்பிட மூத்தவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். வார நடுவில், சுமை குறைந்த பின்னிரவில், விழித்திருக்கும் ஒரு சக ஊழியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

முடித்ததும் பழைய பிடிஎஃப், புதிய பிடிஎஃப், நிலைநிறுத்திய பேட்ச்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் மாற்றக் குறிப்பில் ஒட்டுங்கள். வார் 80 சதவீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கை வரும்படி கண்காணிப்பில் வரம்பை இறக்கி வையுங்கள். 97-இல் விழித்துக்கொண்டால் யோசிக்க நேரம் இருக்காது. 80-இல் என்றால் அடுத்த புதன்கிழமை வரை அவகாசம் இருக்கும்.